தெற்குச் சிறகிலிருந்து வரும் காற்று

அந்தக் கோயிலை முதன்முதலில் பார்த்தபோது அதைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்தேன். இதில் என் கண்ணை மட்டும் குறை சொல்லக் கூடாது. அரைத் தூக்கத்தில் இருந்தேன். படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறி ஒரகடத்தில் இறங்கிப் பரோட்டா சாப்பிடுவதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கான என் மொத்தத் திட்டம். ஷேர் ஆட்டோவில் ஒரு தொடையை மட்டும் சீட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதற்குத் தனித் திறமை வேண்டும். அது என்னிடம் அளவுக்கு மீறி இருந்தது. கண் விழித்தபோது வண்டி எங்கோ ஒரு கிளைச் சாலையில், ஒரு ஏரிக்கரையில் நின்றிருந்தது. "தம்பி, இதான் கடேசி" என்றார் ஆட்டோக்காரர்.

ஏரிக்கு அப்பால் பனைமரங்கள். பனைமரங்களுக்கு மேலே வெள்ளையாக, சதுரமாக, குட்டையாக ஒன்று. பஞ்சாயத்துத் தொட்டியாக இருக்கும், கீழே குழாய் இருக்கும், முகம் கழுவலாம் என்று நடந்தேன். பக்கத்தில் போனபிறகுதான் தொட்டியின் தலையில் சிலுவை தெரிந்தது. பிறந்த எட்டாம் நாளே ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கன் நான். தூத்துக்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரி ஓரத்தில், கோயில் மணியைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். அப்படிப்பட்டவன் கோயிலைப் பார்த்துக் குழாய் தேடினேன் என்பதை ஊரில் இன்றுவரை சொன்னதில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த சமயம். மெக்கானிக்கல் டிப்ளமோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கார்களுக்கு உதிரிபாகம் அடிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். படப்பையில் ஒரே அறையில் ஆறு பேர். ஆறு பேர் என்றதும் கலகலப்பாக இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். மூன்று ஷிஃப்ட். நான் உள்ளே வரும்போது ஒருவன் வெளியே போவான், ஒருவன் சுவரைப் பார்த்துத் தூங்குவான். ஒரு பாயை விருதுநகர்ப் பக்கத்துக்காரன் ஒருவனும் நானும் பங்குபோட்டிருந்தோம். அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. அவன் முதுகின் சூடு நன்றாகத் தெரியும். நான் படுக்கும்போது பாய் அவன் சூட்டோடுதான் இருக்கும்.

வேலை, இரும்புத் தகட்டை அடித்து வடிவெடுக்கும் பிரஸ் ஷாப்பில். காதில் பஞ்சு மாதிரி ஒன்றைத் திணித்துக்கொண்டு நிற்க வேண்டும். பேச்செல்லாம் கையால். கட்டைவிரல் தூக்கினால் சரி, உள்ளங்கை காட்டினால் நிறுத்து, வயிற்றைத் தட்டினால் கேன்டீன். எட்டு மணி நேரத்துக்கு இந்த மூன்று வார்த்தைகள் போதுமானதாக இருந்தன. ஊரில் நான் வாயாடி. ஒரு சாவு வீட்டில் என்னைப் பேசவிட்டால் அழுகிறவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். அந்த வாய் இங்கே மூன்று வேளை சாப்பிடுவதற்கும் தூங்கும்போது திறந்திருப்பதற்கும் மட்டுமே பயன்பட்டது. வாரம் ஒருமுறை ஒரு ரூபாய் போனில் காசு போட்டு அம்மாவிடம் பேசுவேன். "பூசைக்குப் போனியால?" என்று கேட்பாள். போனேன் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு ரூபாய் தீர்ந்துவிடும்.

கம்பெனி பஸ்ஸிலும் பேச்சில்லை. ஏறியதும் எல்லோரும் தூங்கிவிடுவோம். டிரைவரை எனக்குப் பின்மண்டையாகவும், மேலே தொங்கும் கண்ணாடியில் ஒரு ஜோடிக் கண்ணாகவும் மட்டுமே தெரியும். ஆனால் அருமையான டிரைவர். அவர் பிரேக் போடுவது தூக்கத்துக்குத் தெரியாது. கோடை தொடங்கும் சமயத்தில் அவரைத் திடீரென்று காணவில்லை. மாற்றாக வந்தவன் ஒவ்வொரு வேகத்தடையிலும் எங்கள் நெற்றியை முன்சீட்டுக் கம்பியில் முத்திரை குத்தினான். பழையவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டதோடு சரி.

கோயிலுக்கு வருகிறேன். அன்று குழாய் தேடிப் போனவன் பூசைச் சத்தம் கேட்டு உள்ளே நுழைந்துவிட்டேன். பக்தி என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே இருட்டாக இருந்தது. பீடத்தில் நின்ற சாமியார் கைகளை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். கூட்டத்தோடு சேர்ந்து நானும் பதில் சொன்னேன். சொன்னபிறகுதான் உறைத்தது: அந்த வாரத்தில் ஒரு மனிதர் என் பக்கம் திரும்பிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமையும் இருந்தது. அடுத்த ஞாயிறும் போனேன். வேறு எங்கே போவது?

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சாமியார், எங்கள் கொள்ளுப்பாட்டன்கள் காலத்தில் கட்டிய கோயில். முகப்பில் கூர்வளைவு வைத்த கதவு, அதற்கு மேல் வண்டிச் சக்கரம்போல ஒரு வட்டச் சன்னல், அதற்கும் மேல் மணிக்கூண்டு. கூண்டு உயரமாக எழும்பியிருக்க வேண்டியது. பாதியிலேயே நின்றுபோனதால்தான் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. சுவர் என் கை நீளத்துக்குப் பருமன். செங்கல்லை வைத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துப் பூசி, முகம் தெரியும்வரை தேய்த்திருந்தார்கள். பிற்காலத்தில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு கோட் வெள்ளையடித்து, உள்ளே இருந்த பளபளப்பைப் புதைத்துவிட்டார்கள். தூண்களில் மட்டும், முதுகு சாய்கிற உயரத்தில், வெள்ளை தேய்ந்து பழைய மினுமினுப்பு எட்டிப் பார்க்கும்.

கூரை ஓடு இல்லை, சிமெண்டும் இல்லை. தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் சட்டங்கள், சட்டங்களின் மேல் பிஸ்கட் போன்ற சின்னச் செங்கற்களைக் குத்துக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ். அண்ணாந்து பார்த்தால் பெரிய பாய் ஒன்றைத் தலைகீழாக விரித்தது போலிருக்கும். உத்திரங்களில் சிட்டுக்குருவிகள் குடித்தனம் நடத்தின. சன்னல்களில் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணாடி. உடைந்துபோன கட்டங்களில் எண்ணெய் கேனை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதன் வழியாக வருகிற வெளிச்சமும் ஒருவிதத்தில் புனிதமாகத்தான் இருந்தது. தரை முழுக்கக் கடப்பைக் கல். பெஞ்சு கிடையாது. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், பாய் விரித்து உட்காருவார்கள்.

கோயில் சிலுவை வடிவம். பீடத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் சிறகுபோல நீளும். ஆனால் வடக்குச் சிறகு குட்டை, தெற்குச் சிறகு நீளம். ஒரு கையை மடக்கி ஒரு கையை நீட்டிப் படுத்திருக்கும் ஆள் மாதிரி. தெற்குச் சிறகின் வளைவுகளும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஒன்று கூராக, ஒன்று மொண்ணையாக, ஒன்று கோபித்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். எங்கள் கம்பெனியின் குவாலிட்டிக்காரர்கள் பார்த்திருந்தால் அந்தச் சிறகின் கழுத்தில் சிவப்பு ரிஜெக்ட் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

ஆனால் காற்று வந்தது அந்தச் சிறகிலிருந்துதான். அதன் கடைசியில் ஒரு கதவு. கதவுக்கு வெளியே ஏரி. ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டு வருகிற காற்று, நீண்ட சிறகின் வழியாக ஓடிவந்து, பீடத்துக்கு முன்னால் ஒரே ஓர் இடத்தில் வந்து விழும். அந்த இடத்தில் கடப்பைக் கல்லுக்குப் பதிலாகப் பெரிய கருங்கல் பலகை ஒன்று பதித்திருந்தது. கல்லில் ஏதோ எழுத்து, படிக்க முடியாதபடி தேய்ந்திருந்தது. பக்கத்தில் தூண். கல்லின் நடுவில் உட்காருவதற்கென்றே அளவெடுத்தது போல லேசான பள்ளம். தூணில் தலை சாய்கிற இடத்தில் எண்ணெய்க் கறை. இவ்வளவு வசதியாக ஓர் ஆசனத்தைச் செய்துவைத்துவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் பாயில் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று அவர்களுடைய அறிவை எண்ணிப் பரிதாபப்பட்டேன். அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தேன். கருங்கல் குளிர்ச்சி, ஏரிக்காற்று, சாய்வதற்குத் தூண். படப்பை அறையில் கிடைக்காத மூன்றும் ஒரே இடத்தில். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அதுதான் என் இடம்.

ஒரு குறை மட்டும் இருந்தது. அந்த ஊரில் ஒருவரும் என்னோடு பேசவில்லை.

முதலில் புது ஆள் என்பதால் என்று நினைத்தேன். வாரங்கள் போயின. நான் சும்மா இருக்கவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த பெரியவரிடம் வெயிலைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை ஆழமாகப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மைக் கொரகொரத்ததைப் பற்றி நல்லதொரு ஜோக் சொன்னேன். கேட்டவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் ஜோக்குகள் மோசமானவைதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. பக்கத்தில் குழந்தைகள் விளையாடினால் உபதேசியார் வந்து சத்தமில்லாமல் அப்புறப்படுத்துவார். அவர்தான் அந்தக் கோயிலுக்கு எல்லாம். சாமியார் வேறு பங்குக் கோயிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, பூசை முடிந்ததும் அடுத்த ஊர்ப் பூசைக்குப் பறந்துவிடுவார். சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் கைகூப்பித் திரும்பிச் சிரிப்பார்கள். என் பக்கம் திரும்பும்போது மட்டும் சிரிப்பு அணைந்துவிடும். என் முகத்தை ஷேர் ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் பலமுறை பரிசோதித்தேன். ஊரில் இருந்த அதே முகம்தான்.

ஆனால் ஒன்று நடக்கும். நற்கருணை அப்பம் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் ஒவ்வொருவராக என் தோளைத் தொட்டுக்கொண்டு போவார்கள். கிழவர்கள், மீசைக்காரர்கள், தலையில் எண்ணெய் வைத்த பிள்ளைகள். இடம் நெருக்கடி, கைப்பிடிக்குப் பதிலாக என் தோளைப் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் எரிச்சல். இன்னொரு பக்கம், சொன்னால் சிரிக்கக் கூடாது, அந்த நேரம் வருவதற்காகக் காத்திருப்பேன். வாரம் முழுக்க இரும்பைத் தவிர வேறெதுவும் என்னைத் தொட்டதில்லை.

கோடை போய் ஆடிக்காற்று அடித்தது. ஆவணி வந்தபோது ஒரு ஞாயிறு என் கல்லில் ஏற்கனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சவரம் செய்யாத தாடி. எனக்குக் கோபம். ரயிலில் ஜன்னலோரத்தை இழந்தவனின் கோபம். ஆனால் அவர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பாதிப் பள்ளத்தில் நானும் பாதிப் பள்ளத்தில் அவருமாக உட்கார்ந்திருந்தோம். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு, இறந்தவர்களுக்காக மன்றாடும் நேரத்தில், தலையைத் திருப்பாமலேயே கேட்டார்.

"யாரு போனது?"

எனக்கு விளங்கவில்லை.

"உன் வூட்லபா. யாரு போனது?"

"எங்க வீட்லயா? யாரும் போகல. எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ."

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப இந்தக் கல்லுல ஏன் குந்திகினு கீற?"

"காத்து வருதுல்லா அண்ணாச்சி."

அவர் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பொத்திய துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்பது பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் தெரியும். பெண்கள் பக்கத்தில் ஓர் அம்மா, "ஐயோ, இன்னிக்குத்தான் அழுவுறான்பா" என்று சொல்லிவிட்டுத் தானும் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். பீடத்தில் சாமியார் ஒரு நிமிடம் நிறுத்தி, தன் மன்றாட்டு இவ்வளவு உருக்கமாகப் போய்ச் சேர்ந்ததில் நெகிழ்ந்துபோய் மீண்டும் தொடர்ந்தார்.

பூசை முடிந்து தெற்குச் சிறகின் கதவு வழியாக வெளியே வந்தோம். நான் எப்போதும் அந்த வழியாகத்தான் போவேன், பக்கம் என்பதால். அதுவும் துக்கக்காரர்களின் வழி என்பது அன்றுதான் தெரிந்தது. ஏரிப் படியில் உட்கார்ந்து அவர் சொன்னார். நாங்கள் உட்கார்ந்திருந்த கல் ஒரு சாமியாரின் கல்லறை. கோயிலைக் கட்டிய அதே வெளிநாட்டுச் சாமியார்.

மணிக்கூண்டு தவிர மூலக் கோயிலைக் கட்டி முடித்த சமயத்தில் பஞ்சம் வந்ததாம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மதம் சாதி பார்க்காமல் ஆட்கள் வந்து விழுந்திருக்கிறார்கள். சும்மா கஞ்சி ஊற்றினால் வாங்கக் கூச்சப்படுகிறார்கள் என்று, செங்கல் சுமந்தால் கஞ்சி என்று வைத்தாராம் சாமியார். தேவையே இல்லாத ஒரு சிறகைக் கட்ட ஆரம்பித்திருக்கிறார். கொத்தனாரும் கட்டினார், குடியானவனும் கட்டினான், கரண்டி பிடிக்கத் தெரியாதவனும் வளைவு கட்டினான். பஞ்சம் நீண்டது, சிறகும் நீண்டது. மழை பெய்த அன்று நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் தெற்குச் சிறகு மட்டும் இவ்வளவு நீளம். நான் மனசுக்குள் சிவப்பு அட்டை மாட்டியிருந்த ஒவ்வொரு வளைவும் யாரோ ஒருவரின் ஒரு வேளைக் கஞ்சி. மணிக்கூண்டுக்கு வைத்திருந்த செங்கல்லும் அங்கேயே போய்விட்டது.

வீட்டில் சாவு விழுந்தவர்களைச் சாமியார் அன்றைக்குச் சுமக்க விடமாட்டாராம். பீடத்துக்கு முன்னால், காற்று வருகிற இடத்தில் உட்காரவைத்து, யாரும் அவர்களிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பாராம். கடைசியில் காலரா வந்து அவரும் போனார். அவருக்கு அழ இந்த நாட்டில் சொந்தம் யாருமில்லை. அந்த இடத்திலேயே அவரைப் புதைத்தார்கள். அன்றிலிருந்து ஊரில் துக்கம் நடந்த வீட்டின் ஆள் முப்பதாம் நாள் வரையில் ஞாயிறுதோறும் அந்தக் கல்லில் உட்கார வேண்டும். துக்கம் முடிந்து எழுப்பும்வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது. தோளை மட்டும் தொடலாம். இன்னொரு துக்கக்காரர் பேசலாம், எழுப்பும் ஏற்பாட்டுக்காக உபதேசியார் பேசலாம், அவ்வளவுதான்.

கல்லில் இருந்த பள்ளத்தை யாரும் செதுக்கவில்லை. அது உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்தது. தூணில் இருந்த எண்ணெய்க் கறையும் அப்படித்தான்.

"நாலஞ்சு மாசமா ஒருத்தன் கல்லுல கீறானாம், அவ்ளோ பெரிய துக்கமாம், சொந்தக்காரன் ஒருத்தனும் வந்து எழுப்பலயாம்னு ஊர்ல ஒரே பேச்சு. என் பொண்டாட்டியாண்ட ஆஸ்பத்திரில சொன்னாங்க. அவகூட உனக்காக வேண்டிகினா."

அவருடைய மனைவிதான் போயிருந்தாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கோடை முழுக்கக் கிடந்து, ஆடி முடியும்போது போயிருந்தாள்.  முகம் தெரியாத ஒரு பெண், தன் சாவுப் படுக்கையில், காற்று வாங்க உட்கார்ந்தவனுக்காகச் செபம் சொல்லியிருக்கிறாள். என் வாய்க்கு முதல்முறையாக ஜோக் வரவில்லை.

அவரே பேச்சை மாற்றினார். "உன்ன எனக்குத் தெரியும்பா. நீ கம்பெனி பஸ்ல மூணாவது சீட்டு. வாயத் தொறந்துகினு தூங்குவ."

அப்போதுதான் கண்களைப் பார்த்தேன். கண்ணாடியில் தொங்கிய அதே ஜோடி. காணாமல்போன டிரைவர். நான் அவர் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு வந்த காலம் முழுக்க அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

சரி, தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன், அடுத்த வாரம் பாயில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அப்படி முடியாதாம். கல்லில் உட்கார்ந்தவன் தானாகவே அந்த இடத்தை விட்டுவிட்டால் அடுத்த சாவுக்கு அழைப்பு என்று ஊரில் நம்பிக்கை. முறைப்படி எழுப்ப வேண்டும். பூசை முடிவில் உபதேசியார் கல்லுக்கு முன்னால் வந்து நின்று, "இவருக்கு யாரு?" என்று சபையைக் கேட்பார். சொந்தக்காரர் எழுந்து "நான் இருக்கேன்" என்று சொல்லிக் கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். தெற்குக் கதவு வழியாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட வேண்டும். அத்தோடு துக்கம் முடிந்தது. அதன்பிறகு ஊர் பேசும்.

அந்த வாரம் முழுக்கப் பிரஸ் அடித்துக்கொண்டே, ஊரில் எந்தச் சித்தப்பாவைக் கொல்லலாம் என்று யோசித்தேன். ஒரு சாவு இருந்தால் உட்கார்ந்ததற்கு நியாயம் கிடைக்குமே. அப்பாவின் சித்தி மகன் ஒருவர், கடன் கேட்டால் காது கேட்காதவர், பொருத்தமாக இருந்தார். டிரைவரிடம் சொன்னபோது, "கோயில்ல வந்து பொய்ச் சாவு சொல்லாத" என்று தடுத்துவிட்டார். அவரே உபதேசியாரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டார். உபதேசியார் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எதுக்கு உக்காந்தாங்கனு நாம கேக்கறதே இல்ல. காத்துக்கோ, சாவுக்கோ. எழுப்ப யாருனுதான் கேப்போம். உனக்கு யாரு?"

இவ்வளவு நேரடியான கேள்வியை அந்தப் பக்கத்துக்கு வந்தபிறகு யாரும் என்னைக் கேட்டதில்லை. அம்மாவும் அப்பாவும் ஓர் இரவு ரயில் தூரத்தில் இருந்தார்கள். கூப்பிட்டால் வருவார்கள். எதற்கு என்று போனில் ஒரு ரூபாய்க்குள் சொல்லி முடிக்க முடியாது, சாவு என்று மட்டும் கேட்டு ஒப்பாரியோடு வந்து இறங்குவார்கள். பிரஸ் லைனில் என்னோடு நின்றவர்களை எண்ணிப் பார்த்தேன். கட்டைவிரல் தூக்குகிறவர்கள். கடைசியில் பாய்ப் பங்காளியைப் பிடித்தேன். அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து கண் மூடப்போகும் நேரம். அவன் கத்தோலிக்கனும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கோயிலில் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும் என்றேன். அரைத் தூக்கத்தில், "அவ்வளவுதானப்பா, தூக்கிருவோம்" என்றான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவனைப்போல நல்லவன் இல்லை என்று நினைத்தேன்.

டிரைவர் மனைவியின் முப்பதாம் நாளுக்கு அடுத்து வந்த ஞாயிறு, எங்கள் இருவரையும் ஒன்றாக எழுப்பிவிடலாம் என்று உபதேசியார் முடிவு செய்திருந்தார். விடுமுறை என்பதால் முந்தின இரவு இருவரும் ஒன்றாகப் படுத்திருந்தோம், காலை நான் எழுந்தபோது பாயின் மற்ற பாதி காலியாக இருந்தது. ஓ.டி., அதாவது ஓவர்டைம், போட்டிருக்கிறார்கள், வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது என்றான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த இன்னொருவன். அவனைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். அவன் பெயரே எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

தனியாகப் போனேன். கல்லில் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று காற்றும் இல்லை. டிரைவர் புதுச் சட்டை போட்டு, சவரம் செய்து வந்திருந்தார். ஆள் வரவில்லையா என்று கண்ணாலேயே கேட்டார். ஓ.டி. என்று வாயசைத்தேன். ஒரு டிரைவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பூசை முடிந்தது. யாரும் எழவில்லை. உபதேசியார் வந்து நின்றார். டிரைவரைக் காட்டி, "இவருக்கு யாரு?" என்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மச்சான், செத்துப்போனவளின் தம்பி, எழுந்து வந்தான். அவன் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குள் குரல் உடைந்தது. கையைப் பிடித்துத் தூக்கினான். எழுந்தபிறகும் கையை விடவில்லை.

பிறகு உபதேசியார் என் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தம்பிக்கு யாரு?"

இந்த இடத்துக்காக ஒரு ஜோக் தயாரித்து வைத்திருந்தேன். யாரும் வராவிட்டால், குருவிகளைக் காட்டி அவர்களெல்லாம் என் சொந்தம்தான் என்று சொல்வதாக ஏற்பாடு. குருவிகளைத் தேடினேன். அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குத்துக்குத்தாக நின்ற சின்னச் செங்கற்கள் கலங்கலாகத் தெரிந்தன. கோயில் முழுக்க ஆட்கள். ஒரு குழந்தை இருமியது. உபதேசியார் இரண்டாவது தடவை கேட்டார். எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், தூரத்திலிருந்து யாராவது வருகிறார்களா என்று. நானும் பார்த்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் பார்த்தேன்.

"நான் கீறேன்."

டிரைவர். இப்போதுதான் எழுந்தவர். ஒரு கையை மச்சான் இன்னும் விடவில்லை. மறுகையை என்னிடம் நீட்டினார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எழுப்பப்பட்டவர் அந்த இடத்திலேயே இன்னொருவரை எழுப்பலாமா என்பது யாருக்கும் தெரியவில்லை. அப்படி நடந்ததில்லை போல. உபதேசியார் மேலே கூரையைப் பார்த்தார், கீழே கல்லைப் பார்த்தார், பிறகு போய்த் தெற்குக் கதவைத் திறந்துவைத்தார்.

நான் கையைப் பிடித்தேன். கியர் பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை. அவர் இழுத்தார். அவ்வளவு நேரம் மடக்கி உட்கார்ந்ததில் என் இடது கால் மரத்துப்போயிருந்தது. எழுந்த வேகத்தில் அப்படியே அவர்மேல் சரிந்தேன். அவர் மச்சான்மேல் சரிந்தார். பஞ்ச காலத்து வளைவுகள் மாதிரி மூன்று பேரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு கோணலாக நின்றோம்.

தெற்குக் கதவைத் தாண்டியதும் ஊர் என்மேல் விழுந்தது. ஐந்து மாதமாகச் சேர்த்துவைத்திருந்த கேள்விகள். எந்த ஊர், என்ன சம்பளம், நிரந்தரமா காண்டிராக்டா, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை. மைக்கைப் பற்றி நான் சொன்ன ஜோக்குக்கு அந்த ஆள் அன்றுதான் சிரித்தார். பாவம், அத்தனை நாள் அடக்கி வைத்திருந்திருக்கிறார். இனிமேல் அந்தக் கல்லில் உட்கார முடியாது என்பது அப்போதே உறைத்தது. பாயில்தான், நாலு பேர் முழங்காலுக்கு நடுவில், புழுங்கிக்கொண்டு.

டிரைவர் வீட்டில் சோறு. அவர் மச்சானின் மனைவி வந்து சமைத்திருந்தாள். மொச்சைக் குழம்பு, கருவாடு. வந்தவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள், நானும் என் பங்குக்குப் பேசினேன். சாப்பிட்டு முடித்து ஒவ்வொருவராகப் போனார்கள். மச்சானும் மனைவியும் பிள்ளைகளோடு பஸ் பிடிக்கக் கிளம்பினார்கள். கடைசியில் நானும் அவரும்தான். அவர் சமையல்கட்டு வாசலில் தொங்கிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் அது அசையும்போதெல்லாம் அவர் கண் அங்கே போய் வந்தது. துக்கம் முடிந்துவிட்டது என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது. இனி அவர் உட்கார அந்தக் கல்லும் கிடையாது. நான் எனக்குத் தெரிந்த ஜோக் ஒன்றைச் சொன்னேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். கடைசி ஷேர் ஆட்டோ போய்விடும், நீ கிளம்பு என்றார்.

திங்கட்கிழமை காலை பஸ் வந்தது. வேகத்தடையில் பிரேக் போட்டது தெரியவே இல்லை. அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். எல்லோரும் ஏறி, அவரவர் இடத்தில் தலையைச் சாய்த்தார்கள். ஒரகடம் தாண்டுவதற்குள் பஸ் முழுக்கத் தூங்கிவிட்டது. கண்ணாடியில் அந்தக் கண்கள் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தன. எல்லாம் தூங்கும் முகங்கள்.

மூன்றாவது சீட்டில் நான் கண்ணைத் திறந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனி கேட் வரும்வரை தூங்கவில்லை.